குணத்துக்கு ஒரு கோப்பை

ஹார்க்ஸ்டோன் பள்ளியில் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று மேல்வகுப்புப் பையன்கள் தாராளமாக விவாதிக்கலாம். நாட்டுக்கு அரசி தேவைதானா என்றுகூட ஒரு மழைநாளில் பட்டிமன்றம் நடந்து, அரசி சொற்ப வாக்கில் தப்பித்திருக்கிறார். ஆனால் விளையாட்டு பையன்களின் குணத்தை வளர்க்கிறதா என்று மட்டும் அந்த யார்க்‌ஷர் மேட்டில் யாரும் கேட்டதில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறதா என்று கேட்பதற்காவது அர்த்தம் உண்டு. அதை அங்கே யாரும் அடிக்கடி பார்த்ததில்லை.

லயனல் டாப்ஸ்காட் அதைக் கேட்டுவிட்டார். வேண்டுமென்று கேட்கவில்லை, பாவம். அவர் பூகோள ஆசிரியர். புதிதாக ஓர் ஊருக்குப் போனால் அங்கே என்ன விளைகிறது என்று விசாரிப்பது அவருடைய தொழில் புத்தி.

வேலைக்கு வந்த அன்றே சகுனம் சரியில்லை. தலைமையாசிரியர் டாக்டர் ஃபென்னிமோர் அவருடைய பட்டங்களைப் பார்க்கவில்லை.

"என்ன விளையாடுவீங்க?"

"செஸ் சார்."

டாக்டர் ஃபென்னிமோர் ஜன்னல் பக்கம் திரும்பி, சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார்.

"வேற?"

"நல்லா நடப்பேன்."

"எதை நோக்கி?"

இருந்தாலும் வேலை கிடைத்தது. பழைய பூகோள ஆசிரியர் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்குமான நட்பு ஆட்டத்தில் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு படுத்திருந்தார். பள்ளி திறக்க இரண்டு நாள்தான் இருந்தது. ஓராண்டு தகுதிகாண் காலம், ட்ரெவின் என்ற பையன் இருந்த விடுதியில் துணைக் காப்பாளர் பொறுப்பு, கூடவே ஒரு கூரை ஒழுகும் அறை என்று அமர்த்திக்கொண்டார்கள்.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் மத்தியானச் சாப்பாடு இறங்குவதற்குள் பள்ளி முழுதும் அரைக்கால் சட்டையோடு ரக்பி ஆடச் சேற்றில் இறங்கும். ஆட முடியாதவர்கள் ஓரத்தில் நின்று கத்த வேண்டும். காய்ச்சல்காரர்களைக் கட்டிலோடு ஜன்னலோரம் தள்ளிவைப்பார்கள், அவர்களுக்கும் கொஞ்சம் குணம் வரட்டும் என்று. முடிந்ததும் எல்லோருக்கும் பச்சைத் தண்ணீர்க் குளியல். இத்தனைக்கும் அதிபதி விளையாட்டு ஆசிரியர் மேஜர் கிரிம்ஷா. போர்க்காலம் முழுதும் ராணுவக் கம்பளிக் கிடங்கு ஒன்றை எதிரியிடமிருந்து காத்தவர். பனங்காய் மாதிரி தலை, மைதானத்தின் இரு கோடிக்கும் கேட்கும் குரல்.

"டேய், எதிராளி சட்டையப் பிடிச்சா ரெஃப்ரி இல்லாத பக்கமாப் பிடிங்கடா! மரியாதை தெரியாதவனுங்களா! பெரியவர் முன்னாடியா செய்வாங்க இதெல்லாம்?"

இதைக் கேட்டு நின்ற டாப்ஸ்காட், அன்று சாயங்காலம் ஆசிரியர் அறையில் வெண்ணெய் தடவிய பன்னைக் கடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "இந்த விளையாட்டுல குணம் வளருதுன்னு சொல்றீங்களே, அது என்ன குணம்னு யாராவது சொன்னா, நானும் வகுப்புல கொஞ்சம் வளத்துப் பாப்பேன்."

பதினோரு தேநீர்க் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன.

"நீங்க ரக்பி ஆடியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காதுய்யா" என்றார் மேஜர், பரிதாபமாக.

"அப்ப குணம்னா, கேள்வி கேக்காம இருக்கிறதா?"

"அதேதான்!" என்று மேஜர் சந்தோஷமாகத் தொடையில் தட்டினார். பிறகு எதையோ இழந்துவிட்ட மாதிரி முகம் சுருங்கி, தன் தேநீரை எடுத்துக்கொண்டு வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

மார்ச் மாதம் செயின்ட் ஆஸ்வின் பள்ளியோடு ஆண்டு ஆட்டம் வந்தது. ஹார்க்ஸ்டோன் அவர்களை ஜெயித்துப் பல வருஷமாகியிருந்தது. பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் சர் ஹூபர்ட் வாலப் லண்டனிலிருந்து காரில் வந்து, தொப்பியும் குடையுமாக முன்வரிசையில் உட்கார்ந்தார். பிஸ்கட் முதலாளி, பழைய மாணவர். இந்த முறை ஜெயித்தால் புது பெவிலியன் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பழைய பெவிலியனில் மழை உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவில் பெய்துகொண்டிருந்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஹார்க்ஸ்டோன் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் போய்ப் பந்தைக் கையால் தரையில் அழுத்தினால் மூன்று புள்ளி. அதற்குப் பெயர் ட்ரை. அணித்தலைவன் பாஸ்கோ ட்ரெவின் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேலே நாலு பேர் தொங்க, கோட்டைத் தாண்டி விழுந்தான். அவன்மேல் இன்னும் ஆறு பேர் விழுந்தார்கள். ரெஃப்ரியாக வந்திருந்த பக்கத்து ஊர்ப் பாதிரியார் ஆலிவன்ட், மழையில் மங்கிய கண்ணாடியோடு ஓடிவந்து பார்த்தார். பையன்களின் குவியல் தெரிந்தது. அடியில் எங்கோ ஒரு பந்தும் இருந்தது. விசில் ஊதினார்.

ட்ரை!

தொப்பிகள் பறந்தன. சர் ஹூபர்ட் தலைமையாசிரியரைக் கட்டிப்பிடித்தார். மேஜர் மைதானத்துக்குள் ஓடி ட்ரெவினைத் தூக்கினார்.

"நீதான்டா ஹார்க்ஸ்டோன்! ஈஸ்டர் லீவு பூரா ஸ்காட்லாந்துல ஆட்டம்டா நமக்கு! ஜெயிச்சவன்தான் போவான்!"

அவருடைய பிடியிலிருந்து வழுக்கி இறங்கிய ட்ரெவின், மூக்கில் வழிந்த சேற்றைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பாதிரியாரிடம் போனான்.

"சார், அது ட்ரை இல்ல சார்."

"என்னப்பா?"

"கோட்டுக்கு முன்னாடியே கை நழுவிடுச்சு. பந்து தானா உருண்டு போச்சு. நான் தரையில வெக்கவே இல்ல."

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டி அவனைப் பார்த்தார். முப்பது வருஷமாக ரெஃப்ரியாக இருந்தவர். இப்படி ஒரு வாக்கியத்தை அவர் தேவாலயத்தில்கூடக் கேட்டதில்லை.

"நிச்சயமாவா?"

"ஆமா சார். மன்னிச்சுக்குங்க."

புள்ளி ரத்தானது. ஹார்க்ஸ்டோன் தோற்றது. மழை தொப்பிகளின் மேல் விழும் சத்தம் தனியாகக் கேட்டது. டாப்ஸ்காட்டுக்கு மட்டும் விஷயம் பிடிபடவில்லை. இத்தனை நாளும் சொன்ன குணம் ஒருவழியாக வந்துவிட்டது போலிருக்கிறதே என்று அவர் கைதட்டத் தொடங்கினார். மூன்று தட்டு தட்டிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். யாரும் தட்டவில்லை. நான்காவதைக் குளிருக்குக் கை தேய்ப்பதுபோல் முடித்துக்கொண்டார்.

ஜெயித்தவர்களுக்கும் சந்தோஷமில்லை. செயின்ட் ஆஸ்வின் பயிற்சியாளர் கோபமாக மேஜரிடம் வந்தார். "என்னய்யா பழக்கிவெச்சிருக்கீங்க பசங்கள? நாளைக்கு என் பசங்களும் இப்படிப் பேச ஆரம்பிச்சா யாரு பொறுப்பு?"

மேஜர் தலைகுனிந்து நின்றார். கம்பளிக் கிடங்கிலும் அவருக்கு இப்படி ஒரு தோல்வி நேர்ந்ததில்லை.

அன்று மாலை தலைமையாசிரியர் அறைக்கு டாப்ஸ்காட்டைக் கூப்பிட்டார்கள். கணப்படுப்பு எரிந்தது. சர் ஹூபர்ட் கையில் ஷெர்ரி மதுக் கோப்பை இருந்தது. மேஜர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"டாப்ஸ்காட், நல்லா கேட்டுக்குங்க" என்று டாக்டர் ஃபென்னிமோர் ஆரம்பித்தார். "நான் பொய் சொல்லச் சொல்ற ஆள் இல்ல. ஒருநாளும் சொன்னதில்ல. பாதிரியார் அவனக் கூப்பிட்டு, 'தரையில வெச்சியாப்பா'ன்னு கேட்டிருந்தா, 'இல்ல'ன்னு சொல்றது உண்மை. நாங்களும் பெருமைப்பட்டிருப்போம், கொஞ்ச நாள் கழிச்சு. ஆனா யாருமே கேக்காதப்ப தானாப் போய்ச் சொல்றது இருக்கே, அது உண்மை இல்ல. அது தகவல்."

"நான் மூணு வருஷம் இந்த அணியில ஆடியிருக்கேன்" என்றார் சர் ஹூபர்ட். "ஒருதரம்கூட வாயத் தொறந்ததில்ல. அந்தக் குணம்தான் இன்னிக்கும் பிஸ்கட் தொழில்ல என்னத் தூக்கி நிறுத்தியிருக்கு."

"என்ன பிஸ்கட் சார்?" என்று டாப்ஸ்காட் மரியாதைக்குக் கேட்டுவைத்தார்.

"இஞ்சி பிஸ்கட்."

"ஓ. அதுல நிஜ இஞ்சியா போடறீங்க?"

சர் ஹூபர்ட் ஷெர்ரியைக் கீழே வைத்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

டாக்டர் ஃபென்னிமோர் அவசரமாக இருமினார். "விஷயத்துக்கு வருவோம். நம்ம மைதானத்துல ஏழு வருஷம் வளந்த பையன் இப்படிப் பண்ணியிருக்கான். உடம்பு சரியில்லாமத்தான் பண்ணியிருக்கணும். அத்தனை பேர் மேல விழுந்திருக்காங்க. தலையில அடிபட்டிருக்கும். தலை சுத்தியிருக்கும். என்ன பேசறோம்னே தெரியாமப் பேசியிருப்பான். அவன் அப்படி ஒரு வார்த்தை சொல்லிட்டா, டாக்டர் வந்து ரெண்டு மாத்திரை குடுப்பார். சர் ஹூபர்ட்டும் பெருந்தன்மையா மறந்துடுவார்."

"பெவிலியனையும் மறக்காம இருப்பேன்" என்றார் சர் ஹூபர்ட்.

"அவன் அணித்தலைவனாவே இருக்கலாம். நீங்க அவன் விடுதிக்காரர். நயமாப் பேசிப் பாருங்க."

டாப்ஸ்காட் இதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் போட்டுப் பார்த்தும் இடம் பிடிபடவில்லை.

"அதாவது சார்... உண்மை சொன்னதுக்கு மன்னிப்புக் கிடைக்கணும்னா, அவன் ஒரு பொய் சொல்லணும்."

"சேச்சே! அவனுக்குத் தலை சுத்துச்சான்னு கேக்கணும். அவ்வளவுதான். பதில் அவன் விருப்பம். 'இல்ல'ன்னு சொன்னா, அடுத்த பருவம் வேற பள்ளிக்கூடம் பாத்துக்கட்டும். அதுவும் அவன் விருப்பம்தான்." டாக்டர் ஃபென்னிமோர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "உங்க தகுதிகாண் காலமும் கோடையில முடியுதில்ல?"

டாப்ஸ்காட் தன் அறையில் எரிவாயு அடுப்பின் முன் ரொட்டித் துண்டுகளைக் கம்பியில் குத்தி வாட்டிக்கொண்டே ட்ரெவினை வரச் சொன்னார். வந்தவன் கூரையிலிருந்து சொட்டும் இடத்தைப் பார்த்து விலகி உட்கார்ந்தான். கார்ன்வால் கடற்கரைக்காரன். பதினேழு வயது, கழுத்தும் தோளும் ஒன்றாகச் சேர்ந்த உடம்பு. அதிகம் பேசமாட்டான்.

"ட்ரெவின், தலை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"இப்ப இல்லப்பா. அப்ப. கீழ விழுந்தியே, அப்ப."

"அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

டாப்ஸ்காட் ஒரு ரொட்டிக்கு வெண்ணெய் தடவி, மேலே ஜாம் வைத்து, வழக்கத்தைவிட நிறைய வைத்து, நீட்டினார்.

"லேசாக்கூட சுத்தலையா?"

"இல்லையே சார்."

"பத்து பேர் மேல விழுந்தாங்களே. கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருக்குமே?"

"கண்ணுல சேறு இருந்துச்சு சார். அதனால இருட்டா இருந்துச்சு." அவன் ரொட்டியைப் பாதி கடித்தவன் நிறுத்தினான். "ஏன் சார், தலை சுத்தணுமா?"

டாப்ஸ்காட்டால் அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கேட்கச் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டால் வேலை தங்கும், பையனும் தப்புவான், எல்லோருக்கும் நல்லதுதான். இத்தனை பேருக்கு நல்லதைச் செய்யும்போது ஒரு மனுஷனுக்கு ஏன் இவ்வளவு கூச்சமாக இருக்க வேண்டும்?

"சுத்துச்சுன்னு சொன்னா உனக்கு எல்லாம் சரியாயிடும். சுத்தலைன்னா பள்ளிக்கூடத்த விட்டே அனுப்பிடுவாங்க போல."

ட்ரெவின் யோசித்தான். உண்மையிலேயே கஷ்டப்பட்டு, நினைவைக் குடைந்து பார்த்தான். டாப்ஸ்காட் அவன் கண்டுபிடிக்கட்டும் என்று ஆசையோடு காத்திருந்தார்.

"காலையில மெஸ்ல கஞ்சி சாப்பிட்டப்போ ஒரு மாதிரி இருந்துச்சு சார். ஆனா அது தினமும் இருக்கறதுதான்."

டாப்ஸ்காட் சிரித்துவிட்டார். கம்பியிலிருந்த ரொட்டி கருகிப் புகைந்தது.

"சரி, விடு. சுத்தலைன்னா சுத்தலைன்னே இருக்கட்டும். இன்னொண்ணு சாப்பிடறியா?"

மறுநாள் காலை தலைமையாசிரியரிடம் போய் நின்றார். "சுத்தலையாம் சார்."

"சரியாக் கேட்டீங்களா?"

"மூணு விதமாக் கேட்டேன். நாலாவது விதமாக் கேக்க எனக்கு வாய் வரல."

டாக்டர் ஃபென்னிமோர் பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்காவது தலை சுத்துதா டாப்ஸ்காட்?"

"இல்ல சார். ரொம்ப நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் தெளிவா இருக்கு."

அன்றே ட்ரெவினின் அணித்தலைமை பறிக்கப்பட்டது. ஈஸ்டரோடு இருவரையும் அனுப்பிவிடுவது என்று முடிவானது. டாப்ஸ்காட் தன் இரண்டு பெட்டிகளையும் பூகோள உருண்டையையும் கட்டி வைத்துவிட்டார்.

அனுப்பியிருப்பார்கள். ஆனால் பாதிரியார் ஆலிவன்ட் ஒரு காரியம் செய்துவிட்டார். பிரசங்கத்துக்கு விஷயம் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த மனிதர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறி ட்ரெவின் கதையைச் சொன்னார். வழக்கமாகத் தூங்கும் வரிசைகள் விழித்திருந்தன. அதில் ஒரு வரிசையில் மாமியார் வீட்டுக்கு வந்திருந்த லண்டன் பத்திரிகைக்காரர் ஒருவர் இருந்தார். புதன்கிழமை பத்திரிகையில் முதல் பக்கத்தில், அரசியின் குதிரை ஜெயித்த செய்திக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது: இங்கிலாந்து இன்னும் சாகவில்லை, ஹார்க்ஸ்டோனில் ஒரு பையன் இருக்கிறான்.

பள்ளித் தொலைபேசி அதற்குப் பிறகு ஓயவில்லை. எங்கெங்கோ இருந்து பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இடம் கேட்டார்கள். பெரும்பாலும் பொய் சொல்லும் பிள்ளைகள். சர் ஹூபர்ட் லண்டனிலிருந்து கூப்பிட்டு, தான் அன்றைக்கே அந்தப் பையனின் கையைக் குலுக்கியதாக நினைவு என்று சொன்னார். டாக்டர் ஃபென்னிமோருக்கும் அப்படித்தான் நினைவு இருந்தது. டாப்ஸ்காட்டின் பெட்டிகளை வேலைக்காரர்கள் வந்து அவிழ்த்துவைத்துவிட்டுப் போனார்கள்.

கோடைப் பருவத்தின் முடிவில் நடந்த பரிசளிப்பு விழாவில் பந்தல் நிறைந்திருந்தது. பூப்போட்ட தொப்பிகளோடு தாய்மார்கள், ஸ்ட்ராபெரியும் க்ரீமும், மேடையில் துணி மூடிய ஒரு வெள்ளிக் கோப்பை. டாக்டர் ஃபென்னிமோர் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! குணம் எங்கே விளைகிறது என்று கேட்கிறார்கள். எங்கள் மைதானத்துக்கு வாருங்கள் என்கிறேன்! இந்த மாணவனை நாங்கள் ஏழு ஆண்டு காலம் சேற்றில் உருட்டினோம். பனியில் ஓடவிட்டோம். பச்சைத் தண்ணீரில் முக்கினோம். அவன் அணித்தலைமையைக்கூடப் பறித்தோம். பள்ளியை விட்டு அனுப்பவும் தயங்கவில்லை. ஓர் ஆசிரியரை அனுப்பி அவனிடம் பொய்யை வரவழைக்கவும் பெருமுயற்சி செய்தோம். எதற்கும் அவன் அசையவில்லை! இதைவிடச் சிறந்த பயிற்சியை எந்தப் பள்ளி தரும், சொல்லுங்கள்?"

பலத்த கைதட்டல். சர் ஹூபர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேஜர் எழுந்து நின்று எல்லாப் பக்கமும் குனிந்து வணங்கினார்.

கோப்பையை வாங்கிய ட்ரெவினை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவன் கோப்பையை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பிடித்தான்.

"தம்பி, கூச்சப்படாதே" என்றார் தலைமையாசிரியர், அன்பொழுக. "அந்த நேரத்துல உன் மனசுல என்ன ஓடுச்சோ, அத அப்படியே சொல்லு."

கடைசி வரிசையில் இருந்த டாப்ஸ்காட் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். 'அப்படியே' என்ற சொல்லை இந்தப் பையனிடம் சொல்லலாமா?

"சார், பந்து நழுவினது எனக்குத் தெரியும்" என்று ட்ரெவின் ஆரம்பித்தான். "சொல்லலாமா வேண்டாமான்னு நின்னேன். அப்ப மேஜர் சார் வந்து தூக்கிட்டு, ஈஸ்டர் லீவு பூரா ஸ்காட்லாந்துன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. ஏன்னா ஈஸ்டருக்குக் குவீனிக்குப் பிரசவம்."

பந்தலில் ஒரு சலசலப்பு. "உங்க அக்காவா தம்பி?" என்றார் டாக்டர் ஃபென்னிமோர், மெல்லிய குரலில்.

"எங்க நாய் சார். முதல் பிரசவம். நான் பக்கத்துல இல்லைன்னா பயந்துக்குவா. ஆறு குட்டி போட்டிருக்கா. எல்லாம் நல்லா இருக்கு. அதனால, ஸ்காட்லாந்து போக வேண்டாம்னு தோணினதும் ஒரு காரணம்." கொஞ்சம் நிறுத்தினான். நெற்றி சுருங்கியது. கணக்குச் சரியாக வரவில்லை போலிருந்தது. "ஆனா அது பாதிதான் சார். மீதிப் பாதி என்னன்னு எனக்கே தெரியல. நழுவிடுச்சு. நழுவினத நழுவலைன்னு எப்படிச் சொல்றது? எனக்கு ரக்பி அவ்வளவாப் பிடிக்காது. கோப்பைக்கு ரொம்ப நன்றி."

நாடே கொண்டாடிய வீரன் தன் வீரத்தில் பாதியை ஒரு நாய்க்குக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான். டாப்ஸ்காட் எழுந்து நின்று கைதட்டினார். இந்த முறை மூன்றோடு நிறுத்தவில்லை.

தலைமையாசிரியர்கள் ஒரு கணத்துக்குமேல் தடுமாறுவதில்லை. டாக்டர் ஃபென்னிமோர் இரு கையையும் விரித்தார். "பார்த்தீர்களா! தன்னடக்கம்! இதையும் எங்கள் மைதானம்தான் கொடுத்தது!"

பந்தலே அதிர்ந்தது.

செப்டம்பரில் பள்ளி திறந்தபோது கால அட்டவணையில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. புதன்கிழமை பிற்பகல், அரைக்கால் சட்டையோடு: ஒப்புதல் ஆட்டம். நாட்டுக்கே முன்மாதிரியான இந்தக் குணத்தை எல்லாப் பையன்களுக்கும் முறையாக ஊட்டுவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருந்தது. அணிக்குப் பதினைந்து பேர். பந்து உண்டு, ஆனால் அதை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. ஆட்டத்தினிடையே தன் தவறை ரெஃப்ரியிடம் தானாகச் சொன்னால் ஒரு புள்ளி. பெரிய தவறானால் மூன்று. கேட்டவர் கண் கலங்கினால் கூடுதலாக ஒன்று.

மேஜர் மறுபிறவி எடுத்தார்.

"டேய், ஒப்புக்கும்போது தலையக் குனிடா! ரெஃப்ரிக்கு முகம் தெரியற பக்கமா நின்னு குனி! குரல் கொஞ்சம் நடுங்கட்டும். அவ்வளவு நடுங்காத, சளி பிடிச்சவன் மாதிரி இருக்கு!"

பையன்கள் கெட்டிக்காரர்கள். இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். செய்த தவறுகள் தீர்ந்துபோனதும், செய்யாதவற்றை ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்கள். விடுதிகளில் விளக்கணைத்த பிறகும் புதுப்புதுக் குற்றங்களைக் குசுகுசுவென்று யோசித்துத் தயார் செய்தார்கள். ட்ரெவின் மட்டும் ஆட்டம் முழுதும் மைதானத்தின் நடுவில் சும்மா நின்றான். "உன் தரப்புல ஏதாவது?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல சார்" என்பான். மூன்றாவது வாரம் மேஜர் அவனை அணியிலிருந்து நீக்கினார்.

"நல்ல பையன்தான்யா" என்று டாப்ஸ்காட்டிடம் வருத்தப்பட்டார். "ஆனா குணம் பத்தல."

செயின்ட் ஆஸ்வினும் சும்மா இருக்கவில்லை, அங்கேயும் ஒப்புதல் ஆட்டம் தொடங்கிவிட்டது. நவம்பரில் முதல் பந்தய ஆட்டம். சர் ஹூபர்ட் தன் செலவில் கட்டிய புது பெவிலியனின் எதிரே கூட்டம் நெருக்கியடித்தது. டாப்ஸ்காட்டும் ட்ரெவினும் மேட்டுப் பக்கம் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, சூடாக வறுத்த கஷ்கொட்டைப் பருப்புகளை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ட்ரெவின் குவீனியின் கடைசிக் குட்டி செருப்பு தின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கீழே செயின்ட் ஆஸ்வின் பையன் ஒருவன் சொந்தப் பாட்டியை ஏமாற்றியதை விவரித்து, பாதிரியார் ஆலிவன்ட்டின் கண்ணில் நீர் வரவழைத்து, நான்கு புள்ளி எடுத்தான். ஹார்க்ஸ்டோன் இரண்டு புள்ளி பின்தங்கியது.

கடைசி நிமிடத்தில் ஹார்க்ஸ்டோனின் புது அணித்தலைவன் பாதிரியாரின் முன் மண்டியிட்டான்.

"சார், என்னால மறைக்க முடியல. பெவிலியனக் கொளுத்தினது நான்தான் சார்!"

விசில். மூன்று புள்ளி. வெற்றி!

தொப்பிகள் பறந்தன. தன் பணத்தில் கட்டிய பெவிலியனின் படியில் நின்றபடி சர் ஹூபர்ட், அதைக் கொளுத்தியவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். மேஜர் அழுதேவிட்டார்.

டாப்ஸ்காட் மைதானத்தைத் தாண்டிப் பார்த்தார். புது வண்ணப்பூச்சு மின்ன, கொடி பறக்க, பெவிலியன் நின்றது.

"ட்ரெவின், அது அங்கதானே நிக்குது?"

"நிக்குது சார்."

"எரிஞ்ச மாதிரி ஏதாவது தெரியுதா உனக்கு?"

"இல்ல சார்." ட்ரெவின் கையிலிருந்த கஷ்கொட்டையைப் பார்த்தான். மைதானத்தைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். அது பெரிய வீரனின் பெருமூச்சாக இல்லை. சாப்பாட்டின் நடுவில் கதவு தட்டப்பட்டால் எழுந்திருக்க வேண்டியிருக்கிறதே, அந்த மாதிரி இருந்தது. தோலையெல்லாம் தட்டிவிட்டு எழுந்தான்.

"போய்ச் சொல்லிட்டு வந்துடறேன் சார். யாராவது சொல்லணுமில்ல."

"இருப்பா" என்றார் டாப்ஸ்காட். தம் நல்ல தோல் காலணிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கால்சட்டையைக் கொஞ்சம் மேலே சுருட்டிவிட்டுக்கொண்டார். "நானும் வரேன்."

இருவரும் சேற்றில் இறங்கி நடந்தார்கள். பாதி தூரத்தில் டாப்ஸ்காட்டின் இடது காலணி உள்ளே மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு அவர் காலுறையோடு நடந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. மேஜர் அவர்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"ஐயையோ! அந்தப் பையனப் பிடிங்கடா! யாராவது பிடிங்கடா அவன!"

யாருக்கும் கேட்கவில்லை. கூட்டம் பள்ளிப் பாட்டை ஆரம்பித்திருந்தது. பாதிரியார் ஆலிவன்ட் மட்டும் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்காகக் காத்து நின்றார்.